துவக்கோடு வந்தவரும் வெறுங்கையோடு வந்தவரும்

பதுளை நகரில் பரிசுத்த மாற்கு தேவாலயம் என்று ஒரு கோயில் உண்டு. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்ட கோயில் அது. இலங்கை ரைபிள் படையின் மேஜராகவும், பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும், மாவட்ட நீதிபதியாகவும் இருந்த இந்த மனிதர் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். வரி வாங்கும் கையும், தீர்ப்பு எழுதும் கையும், துவக்கின் விசையை இழுக்கும் கையும் ஒரே உடம்பில் இருந்தன. அந்தக் கை சுட்டுக் கொன்ற யானைகளின் தொகை 1400க்கு மேல் என்று எமர்சன் டெனன்ட் தமது இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். டெனன்ட் யாரோ ஒரு வழிப்போக்கரல்லர். இந்நாட்டின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். ஆகவே இது எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று எவரும் தள்ளிவிட முடியாது.

ரோஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. செத்த பிறகும் அவரை விடாமல் அந்தக் கல்லறை மீது இடி விழுந்துகொண்டே இருந்ததாம்! மலைநாட்டில் இந்தக் கதையைக் கேட்காத பள்ளிப் பிள்ளை இல்லை. யானைகளின் சாபம் என்று பாட்டிமார் சொல்வார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் அதையே கொஞ்சம் மெருகிட்டு வெளிநாட்டாருக்கு விற்கிறார்கள். நமக்கு இந்தக் கதையில் உடன்பாடில்லை. நியாயம் வழங்கும் பொறுப்பை இடியிடம் ஒப்படைத்துவிட்டு மனிதர்கள் கைகட்டி நிற்பதற்கு வசதி செய்து தரும் கதை இது. இடி ஒரு மனிதரைக் கொன்றது. அவரை உருவாக்கிய ஏற்பாடு இடி விழாத இடத்தில் பத்திரமாக இருந்தது. அந்த ஏற்பாட்டைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

பேச வேண்டிய அவசியமும் வந்திருக்கிறது. தேயிலைத் துரைமாரின் பழைய பங்களாக்கள் இன்று உல்லாச விடுதிகளாகிவிட்டன. மான்கொம்பும் மரைத்தலையும் கூடத்துச் சுவர்களை அலங்கரிக்கின்றன. வேட்டைச் சட்டையணிந்த துரை ஒருவர் துவக்கின் அடிக்கட்டையை நிலத்தில் ஊன்றி நிற்கும் புகைப்படத்தின் கீழே அமர்ந்து மேல்நாட்டு விருந்தாளி தேநீர் அருந்துகிறார். ‘அந்த நாளில் துரைமார் எவ்வளவு ரசனையோடு வாழ்ந்தார்கள்!’ என்று நம்மவரே பெருமூச்சு விடுகிறார்கள். ‘வேட்டை அவர்களுக்கு ஒரு விளையாட்டு; அதில் அரசியலைக் கலக்காதீர்கள்’ என்று படித்த நண்பர்கள் சிலர் நமக்கு உபதேசமும் செய்கிறார்கள். விளையாட்டா? எந்த மைதானத்தில் நடந்த விளையாட்டு? மைதானம் யாருடையது? பந்து பொறுக்கிக் கொடுத்தவன் யார்?

நமுனுகுல என்றால் ஒன்பது சிகரம். அந்தச் சிகரங்களின் கிழக்கே, பசறைக்கும் அப்பால், மலை இறங்கிச் சமவெளியாகும் இடம் வெல்லஸ்ஸ. 1817இலும் 1818இலும் ஊவாவும் வெல்லஸ்ஸவும் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தன. கிளர்ச்சியை அடக்கிய விதம் சரித்திர மாணவர்கள் அறிந்ததே. வயல்கள் பாழாக்கப்பட்டன, வீடுகள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன, தலைமை தாங்கிய கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரில் தலை துண்டிக்கப்பட்டார். ஜனங்களின் கையிலிருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. ஊர் அழிந்தால் அந்த இடத்தில் காடு ஏறும். காடு ஏறினால் யானை பெருகும். ஆயுதம் பறிக்கப்பட்ட குடியானவன் தன் பயிரை யானையிடமிருந்து காக்க வழியற்று நின்றான். அப்போதுதான் வெள்ளைத் துரை துவக்கோடு வந்து காப்பாற்றுகிறவராகக் காட்சியளித்தார். ஒரு கையால் துவக்கைப் பறித்து மறு கையால் சுட்டு உதவிய இந்தத் தயாளத்தைத்தான் நமது பாடப்புத்தகங்கள் வீரதீரம் என்று வருணிக்கின்றன.

யானைகளை ஒழிப்பதற்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், 3500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டதாக டெனன்ட் கணக்குக் கொடுக்கிறார். ரோஜர்ஸுக்கு அடுத்தபடியாக அவர் குறிப்பிடும் பெயர்கள் கப்டன் கால்வே, மேஜர் ஸ்கின்னர். இந்த ஸ்கின்னர்தான் இலங்கையின் தெருக்களுக்கெல்லாம் தந்தை என்று போற்றப்படுபவர். தெரு போட்டவரும் யானை சுட்டவரும் ஒருவரே என்பது தற்செயல் அன்று. கோப்பிக்குக் காடு வேண்டும். காட்டுக்குத் தெரு வேண்டும். தெருவில் யானை நிற்கக் கூடாது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குச் சொந்தமென்று ஆக்கியது. ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அற்ப விலைக்கு நிலம் கைமாறியது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களே பலர். சட்டம் காட்டை எடுத்துக்கொண்டது. துவக்கு அதைக் காலி செய்தது. ‘விளையாட்டு’ என்று பெயர் வைக்கப்பட்டது இந்த வேலைக்குத்தான்.

சாமுவேல் பேக்கர் என்றொருவர் 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறினார். இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் வேட்டைநாய்க் கூட்டத்தையும் கப்பலேற்றி வந்தார். புதிய நாட்டுக்குக் குடிபெயர்கிறவர் தம்மோடு என்னென்ன கொண்டுவருவார்? பேக்கர் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தார். எவரும் அவரை நிறுத்தி, ‘நீர் எந்த ஊர்? இங்கே எத்தனை நாள் இருந்தீர்? உமக்கு எதற்கு ஆயுதம்?’ என்று கேட்கவில்லை. அவர் சுட்டார், நாய்களை விட்டு மரைகளைத் துரத்தினார், 1854இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஹோட்டன் சமவெளியில் ஒரு நீர்வீழ்ச்சி இன்றுவரை அவர் பெயரைச் சுமக்கிறது. அவருடைய மூட்டை முடிச்சுகளைக் காட்டுவழியே சுமந்த கூலிகளின் பெயரால் ஓர் ஓடைகூட இல்லை.

அதே ஆண்டுகளில் இன்னொரு கூட்டமும் இந்த மலைக்கு வந்துகொண்டிருந்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து நடந்து, வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் போக மிஞ்சியவர்கள் மலையேறினார்கள். அவர்கள் கொண்டுவந்தது என்ன? ஒரு துணி மூட்டை, தலையில் ஏற்றப்பட்ட கடன். காட்டை வெட்டியவர்கள் அவர்கள்; கோப்பியை நட்டவர்கள் அவர்கள்; 1869க்குப் பிறகு கோப்பியை நோய் தின்றபோது அதைப் பிடுங்கித் தேயிலையை நட்டவர்களும் அவர்களே. கடனை எழுதிய ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதுவரை ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மனிதன் போவதற்குத் துண்டு வேண்டும். துவக்கு போவதற்கோ துரையின் தோள் போதும்.

நம்மில் சிலர் லயத்தில் பிறந்தவர்கள். துரை வேட்டைக்குப் புறப்படும் நாளைப் பற்றி நமது பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். காலைப் பெரட்டில் நாலைந்து ஆண்களைக் கணக்கப்பிள்ளை தனியே பிரித்து நிறுத்துவாராம். அவர்களுக்கு அன்று மலையில் வேலை இல்லை. தகரம் தட்டிக் காடு கலைக்கப் போக வேண்டும். மிருகம் எந்தப் பக்கம் பாயும் என்பது மிருகத்துக்கே தெரியாத நேரத்தில், துவக்குக் குழாய்க்கும் மிருகத்துக்கும் நடுவில் நிற்பவன் அவன். அன்றைய பேர் விழுமா விழாதா என்பது துரையின் குணத்தைப் பொறுத்தது. விழுந்த மரையின் தலை பங்களாச் சுவருக்குப் போகும்; தூக்கி வந்தவனுக்கு ஒரு துண்டு இறைச்சி கிடைத்தால் அதுவே பெரிய தயவு. பந்து பொறுக்கியவன் யார் என்று மேலே கேட்டோமல்லவா?

சொல்லொன்று எப்படி ஒரு சரித்திரத்தையே தனக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளும் என்பதற்கு இனி ஓர் உதாரணம் காட்டுவோம். சுட்டுச் சுட்டு மிருகங்கள் அருகிவிட்டன என்பதை வேட்டைக்காரர்களே கண்டுகொண்டார்கள். 1894இல் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் சேர்ந்து வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். சிறிது காலத்தில், ஊவாவின் தென்கிழக்கே யால காட்டில் ஓர் ஒதுக்கு வனம் வகுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதிக்கு இட்ட பெயர் ‘வதிவிட வேட்டை விளையாட்டாளரின் ஒதுக்கு வனம்’. அதாவது இந்நாட்டில் வதிகிற விளையாட்டாளருக்கு அங்கே அனுமதிப்பத்திரத்தோடு வேட்டையாட உரிமை உண்டு. ஸ்கொட்லாந்திலிருந்து நேற்று வந்து, பத்தாண்டு தோட்டம் நடத்திவிட்டுச் சேமிப்போடு திரும்பிப் போகப்போகிற சின்னதுரையும் இங்கே ‘வதிபவர்’. சுதேசிச் சீமான்கள் சிலரும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. பணம் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கச் செய்யும்.

லயத்தில் மூன்று தலைமுறையாகக் கிடந்தவனுக்குச் சட்டம் இட்ட பெயர் என்ன? 1923இல் வந்த கட்டளைச் சட்டத்தின் தலைப்பைப் பாருங்கள்: ‘இந்தியக் குடிவரவுத் தொழிலாளர்’. இங்கே பிறந்து, இங்கே கொழுந்தெடுத்து, இங்கே தேயிலைக்கு உரமானவன் ‘குடிவரவு’. துவக்கோடு கப்பலிலிருந்து இறங்கியவர் ‘வதிவிடம்’! இருவரும் வந்தவர்களே. வந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் ஒருவர் கையில் இருந்தது துவக்கு, மற்றவர் கையில் இருந்தது கவ்வாத்துக் கத்தி என்பதுதான்.

இதைவிட வேடிக்கையான ஒரு சங்கதியும் உண்டு. போயர் யுத்தத்தில் சிறைப்பட்ட சுமார் 5000 பேரை 1900இல் ஆங்கிலேயர் நமது ஊவாவின் தியத்தலாவைக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். யுத்தம் முடிந்தபின் முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் போனவர்களில் எங்கல்பிரெக்ட் ஒருவர். இந்த மனிதரைத்தான் யால வனத்தின் முதல் காவல் அதிகாரியாக நியமித்தார்கள். பிற்பாடு முதலாம் உலக யுத்தத்தின்போது, ஜெர்மானியரின் ‘எம்டன்’ கப்பலுக்கு இறைச்சி கொடுத்தாரென்ற சந்தேகத்தில் அவரையே பிடித்து மறியலில் வைத்தார்கள் என்பது வேறு கதை. அவர் நேர்மையாகவே வேலை பார்த்திருக்கலாம். அவர்மீது நமக்குப் பகையில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: முடியை எதிர்த்துப் போராடிய எதிரிப் படையின் கைதிக்கு, பிரமாணம் செய்ய மறுத்தவருக்கு, இந்நாட்டின் காட்டையும் துவக்கையும் நம்பி ஒப்படைக்க முடிந்தது. முடிக்குத் தேயிலையைப் பவுணாக்கிக் கொடுத்தவனை நம்ப முடியவில்லை.

அடுத்த மலைநாடுகளிலும் கடல் கடந்த நாடுகளிலும் கதை இதுவே. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியனிடம் அனுமதிப்பத்திரம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. கென்யாவில் வெள்ளையர் சுட்டால் அது விளையாட்டு. அந்த மண்ணின் மகன் அம்பெய்தால் அது களவு வேட்டை. இலங்கைச் சட்டம் இவ்வளவு பச்சையாகப் பேசவில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டத்தில் நிறத்தைப் பற்றிய பேச்சில்லை. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் கச்சேரியில் அமர்ந்திருந்த அதிகாரியின் கையில் விடப்பட்டன. அதிகாரியும் துரையும் மாலையில் ஒரே கிளப்பில் சந்தித்துக்கொள்வார்கள். நிறத்தைச் சட்டத்தில் எழுத வேண்டிய தேவை என்ன?

அந்தச் சட்டம் வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு, 1915இல், சிங்கள முஸ்லிம் கலவரத்தை அடக்குவதென்ற பெயரில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. தொண்டர் படையாகத் துவக்கேந்திய வெள்ளைத் துரைமார் விசாரணையின்றி ஜனங்களைச் சுட்டார்கள். பொன்னம்பலம் இராமநாதன் அக்கொடுமைகளைத் தொகுத்து நூலாக்கிப் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மனச்சாட்சியைத் தட்டினார். மான் சுட்டுப் பழகிய கை மனிதனைச் சுடும்போது அதிகமாக நடுங்குவதில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? 1900இல் அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை ஐரோப்பியருக்கேயான படை. வாரக்கடைசியில் இலக்குப் பார்த்துச் சுடுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. மலைக்கு ஒரு துவக்கு வீதம் விழித்திருக்கிறது என்று லயங்களுக்குத் தெரியப்படுத்துவதும் அதற்குள் அடங்கியிருந்தது.

தெரியப்படுத்தல் எப்போதும் பலித்துவிடவில்லை. 1940 ஜனவரியில் மூலோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் குண்டுக்குப் பலியானார். அந்த ரத்தத்தின் சூடு ஊவாவுக்கும் பரவியது. அதே ஆண்டு மே மாதத்தில் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அச்சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்த வேண்டுமென்று துரையை இணங்க வைத்தார்கள். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் துவக்குகளைத் தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று சமசமாஜிகளின் வரலாறு கூறுகிறது. நூறு ஆண்டுகளில் நமுனுகுலச் சாரலில் துவக்கு கைமாறியது அந்த ஒருமுறைதான். அந்தக் கைகள் எவரையும் சுடவில்லை என்பதை, ‘தோட்டக்காட்டான் கையில் ஆயுதம் கிடைத்தால்...’ என்று இன்றும் முணுமுணுக்கிறவர்கள் ஞாபகத்தில் வைப்பது நல்லது. பின்னர் மழையும் வெள்ளமும் அடக்குமுறையும் சேர்ந்து போராட்டத்தை முறித்தன.

1949இல் துரைமார் ரைபிள் படை கலைக்கப்பட்டது. நல்லது என்று சொல்லி முடிப்பதற்குள், அதே 1949இல் தோட்டத் தொழிலாளியின் வாக்குரிமை பறிபோனது. பிரஜாவுரிமை அதற்கு முந்திய ஆண்டே போய்விட்டது. துவக்கோடு வந்தவர் பங்கு விற்ற பணத்தோடு கப்பலேறினார். வெறுங்கையோடு வந்தவனை 1964இல் இரண்டு பிரதமர்கள் மேசையில் வைத்து எண்ணினார்கள்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதியைப் பிறகு பார்ப்போம். இங்கிருந்து போனவர்களில் பலரை நீலகிரியின் தேயிலைக் காட்டில், யானையும் காட்டெருமையும் நடமாடும் சரிவில் குடியேற்றினார்கள். அங்கும் அவர்கள் கையில் கவ்வாத்துக் கத்திதான். இங்கே தங்கியவர்களுக்கோ, 1977 மே மாதத்தில், தோட்டக் காணியைப் பறிக்க வேண்டாமென்று கேட்டதற்கு டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணனின் உயிர் விலையாயிற்று. அங்கும் பேசியது துவக்குதான். நாடற்றவர் என்ற பழி சட்டப்படி துடைக்கப்படுவதற்கு 2003ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது.

இனி எதிர்த்தரப்பின் பலமான வாதத்தைப் பார்ப்போம். அந்த வேட்டைக்காரர்கள்தாமே பின்னர் காட்டையும் மிருகத்தையும் காத்தார்கள், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புச் சட்டமும் 1938இல் யால தேசிய வனமானதும் அவர்கள் முயற்சியால்தானே என்கிறார்கள். இதை நாம் மறுக்கவில்லை. சட்டம் நல்ல சட்டம். வனம் நமது பிள்ளைகளின் சொத்து. ஆனால் அந்தப் பாதுகாப்பின் பெயரால் இன்று யார்மீது விரல் நீட்டப்படுகிறது? 2020 மே மாதத்தில் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கி அரிய கருஞ்சிறுத்தை ஒன்று பிடிபட்டுச் சில நாளில் இறந்தது. நாடே கண்ணீர் வடித்தது, நாமும் வருந்தினோம். சுருக்குக் கம்பி கொடியது. ஆளையும் மிருகத்தையும் ஒன்றாகவே கொல்லும் கட்டுத்துவக்கு அதைவிடக் கொடியது. இரண்டையும் ஒழிக்க வேண்டுமென்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் உடனே பேனாவை எடுத்த கனவான்கள் சிலர், மலைநாட்டு மக்களுக்கு மிருகங்கள்மீது இரக்கமே கிடையாது என்று எழுதியதைக் கண்டபோது நாம் பதுளைக் கோயிலை நினைத்துக்கொண்டோம். 1400 யானைகளைக் கொன்றவருக்குக் கோயில். காட்டுப்பன்றிக்குக் கம்பி கட்டியவனுக்குக் கல்வீச்சு!

காட்டுப்பன்றிக்கு அவன் ஏன் கம்பி கட்டுகிறான்? லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளியோ வற்றாளையோ நட்டிருக்கிறான். தோட்டச் சம்பளம் மாதக் கடைசியை எட்டாது; அந்தக் கிழங்கு எட்டும். ஒரே இரவில் பன்றி அதைக் கிளறிப் போட்டுவிடும். பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிபெற்ற துவக்கை வைத்திருக்கும் கிராமத்து விவசாயிக்குக் காணி இருக்கிறது. லயத்தானுக்குப் பயிர் மாத்திரமே உண்டு. காணி அரசுக்குச் சொந்தம். 1992 முதல் அது கம்பனிகளின் நிருவாகத்தில் இருக்கிறது. அவன் கிழங்கு நட்ட துண்டு எந்த உறுதியிலும் அவன் பெயரில் இல்லை. காணி இல்லாதவன் எந்தக் காணியைக் காக்கத் துவக்குக் கேட்பான்?

ஆகையால் லயத்துக்கு லயம் துவக்குக் கொடுங்கள் என்று நாம் எழுதப்போவதாக எவரும் பயப்பட வேண்டாம். துவக்கு மலிந்த நாட்டில் யார் சாவார்கள் என்பதை இந்தத் தீவு முப்பது ஆண்டுகள் பார்த்தது. நாம் கேட்பது நிலம். இருபது பேர்ச்சோ அதற்கு மேலோ, லயத்தானின் பெயர் எழுதிய உறுதியோடு. உறுதி கையில் இருந்தால் வேலி அடைக்கலாம். வேலிக்கு வங்கியில் கடன் கேட்கலாம். பயிர் அழிந்தால் நட்டஈடு கேட்கலாம். கம்பி கட்டுவது குற்றமென்று அவனிடம் சொல்லும் தகுதியும் அப்போதுதான் அரசாங்கத்துக்கு வரும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கல்விச் சுற்றுலாவில் பஸ் பதுளையில் நிற்கும். பிள்ளைகள் அந்தக் கோயிலின் நினைவுக்கல்லைப் பார்ப்பார்கள்; இடி விழுந்த கதையைக் கேட்பார்கள். கதையைச் சொல்லுங்கள், தடுக்கவில்லை. அதோடு, அந்த மேஜர் சுடப் போனபோது துவக்கைத் துடைத்துக் கொடுத்தவர், தோட்டாப் பையைச் சுமந்தவர், காடு கலைத்தவர், விழுந்த யானையின் வாலை அறுத்து வந்தவர், இவர்களெல்லாம் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று ஒரு கேள்வியையும் கேட்டு வையுங்கள். பிறகு பஸ்ஸைப் பசறை வழியாக நமுனுகுலவுக்கு விடுங்கள். கனவரல்ல பக்கத்து லயங்களில் பொழுது சாய்ந்ததும் யாராவது ஒருவர் பழைய தகரமும் தடியும் எடுத்துக்கொண்டு கிழங்குப் பாத்திக்குக் காவல் போவார். அவரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாருங்கள்.